2,200 கிலோமீட்டர் சிநேகம்!

கார் டயர் பஞ்சர். செல்போனில் சிக்னல் இல்லை. அடுத்த பெட்ரோல் பங்க் எங்கோ தூரத்தில். இரண்டு பக்கமும் ஊசியிலைக் காடு. அதற்குள் கரடிகள் உண்டு என்பதும் தெரியும். இப்படி ஒரு நிலைமையில் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால், அலாஸ்கா நெடுஞ்சாலையில் போய்ப் பழகியவர்கள் அவ்வளவாகப் பதறுவதில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு வண்டி வரும். வேகம் குறையும். கண்ணாடி இறங்கும். 'என்ன ஆச்சு, உதவி வேணுமா?' என்று யாரோ ஒருவர் கேட்பார்.

கனடாவில் டாசன் கிரீக் என்ற சிற்றூரில் தொடங்கி, அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் டெல்டா ஜங்ஷனில் முடிகிறது இந்தச் சாலை. நீளம் சுமார் 2,200 கிலோமீட்டர். வழியில் உள்ள யூகான் பிரதேசத்தின் பரப்பு 4.8 லட்சம் சதுர கிலோமீட்டர். அங்கே வசிப்பவர்களோ ஐம்பதாயிரம் பேருக்கும் குறைவு. மனிதர்கள் இவ்வளவு குறைவாக இருக்கும் இடத்தில், இன்னொரு மனிதரைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்தான்!

கோடை வந்தால் இந்தச் சாலை களைகட்டிவிடும். ஓய்வு பெற்ற தம்பதிகள் கேரவனை ஓட்டிக்கொண்டு கிளம்புவார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள், சைக்கிள் மிதிப்பவர்கள், வேலை தேடி அலாஸ்காவுக்குக் குடிபெயரும் குடும்பங்கள் என்று எல்லோருக்கும் இதுதான் வழி. வேறு பாதை அதிகம் இல்லாததால் ஒரு வேடிக்கை நடக்கும். காலையில் பெட்ரோல் பங்கில் பார்த்த முகம், மதியம் சாப்பாட்டுக் கடையில் தென்படும். சாயங்காலம் முகாமில் பக்கத்து இடத்திலேயே கூடாரம் அடித்திருக்கும். மூன்றாவது முறை பார்க்கும்போது பேசாமல் இருக்க முடியுமா?

அந்தப் பேச்சு வெறும் அரட்டை இல்லை. வடக்கே போகிறவருக்கு, தெற்கே திரும்பி வருகிறவர்தான் நாளிதழ். 'அந்தப் பாலத்துக்குப் பக்கத்துல குட்டியோட கரடி நிக்குது, இறங்கிடாதீங்க', 'அடுத்த பங்க் மூடியிருக்கு, இங்கேயே டேங்க்கை நிரப்பிக்குங்க' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். 'தி மைல்போஸ்ட்' என்ற வழிகாட்டிப் புத்தகம் 1949 முதல் வெளிவருகிறது. சாலையில் என்னென்ன எங்கே இருக்கிறது என்று அது சொல்லும். இன்று காலை அங்கே என்ன நடந்தது என்பதை எதிரே வருகிறவர்தான் சொல்ல முடியும்.

குளுவானி ஏரியைத் தாண்டினால் சாலையே தூக்கித் தூக்கிப் போடும். தரைக்கு அடியில் காலங்காலமாக உறைந்து கிடக்கும் மண் உருகும்போது, மேலே உள்ள சாலை மேடும் பள்ளமுமாகிவிடுகிறது. செப்பனிடும் வேலையைக் கோடையில்தான் செய்ய முடியும். அதனால் திடீரென்று ஒரு ஊழியர் 'நில்' பலகையோடு குறுக்கே நிற்பார். வழிகாட்டி வண்டி வந்து அழைத்துப் போகும்வரை அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொருவராக இறங்குவார்கள். ஒருவர் பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றுவார். இன்னொருவர் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டுவார். வழிகாட்டி வண்டி வருவதற்குள் யாருக்கு எத்தனை பேரப்பிள்ளைகள் என்பதுவரை தெரிந்திருக்கும்.

லியார்ட் நதி வெந்நீர் ஊற்று இன்னொரு சந்திப்பு மையம். காட்டுக்கு நடுவே 42 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத இயற்கையான வெந்நீர். நாள் முழுக்க வண்டி ஓட்டிய அலுப்பு தீர, எல்லோரும் ஒரே குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருப்பார்கள். யார் லாரி டிரைவர், யார் டாக்டர் என்று கண்டுபிடிக்க முடியாது.

இதே இடத்தில் 1997 ஆகஸ்டில் ஒரு துயரம் நடந்தது. கரடி ஒன்று ஒரு பெண்ணைத் தாக்கியது. அலறல் கேட்டு அவரைக் காப்பாற்ற ஓடி வந்தார், முன்பின் அறிமுகம் இல்லாத ஒருவர். அந்தப் பெண்ணோடு அவரும் உயிரிழந்தார். இந்தச் சாலையில் உதவி என்பது பிஸ்கட்டோடு முடிந்துவிடுவதில்லை.

வாட்சன் லேக் ஊரில் ஒரு விசித்திரமான காடு இருக்கிறது. மரங்களுக்குப் பதிலாகக் கம்பங்கள், அவற்றில் இலைகளுக்குப் பதிலாக ஊர்ப் பெயர்ப் பலகைகள்! 1942ல் சாலை போட வந்த கார்ல் லிண்ட்லி என்ற அமெரிக்க ராணுவ வீரரிடம், காயம்பட்டுத் தேறிக்கொண்டிருந்த சமயத்தில், வழிகாட்டிக் கம்பத்தைப் பழுது பார்க்கச் சொன்னார்கள். ஊர் ஞாபகம் வாட்டியதோ என்னவோ, தன் சொந்த ஊரான டான்வில் பெயரையும் எழுதி மாட்டினார். பார்த்தவர்கள் தங்கள் ஊரையும் மாட்ட, இன்று லட்சத்தை எட்டிவிட்டது பலகைகளின் எண்ணிக்கை. அங்கே தன் ஊர்ப் பலகையைத் தேடும்போது, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அகப்பட்டுவிடுவதும் உண்டு.

யோசித்துப் பார்த்தால், இந்தச் சாலை முழுமையானதே ஒரு சந்திப்பில்தான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் அலாஸ்காவைத் தாக்கலாம் என்ற பயத்தில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொண்டு சுமார் எட்டே மாதங்களில் அமெரிக்கா போட்ட சாலை இது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். அவர்களைத் தனிப் படைப்பிரிவுகளாக ஒதுக்கி வைத்திருந்த காலம் அது.

1942 அக்டோபர் 25. பீவர் கிரீக் அருகே வடக்கிலிருந்து காட்டை அழித்தபடி புல்டோசரில் வந்துகொண்டிருந்தார் கார்ப்பரல் ரீஃபைன்ஸ் சிம்ஸ். பிலடெல்பியாவைச் சேர்ந்த கறுப்பின வீரர். எதிரே மரங்கள் சரிந்தன. அவற்றுக்குப் பின்னால் இன்னொரு புல்டோசர் தெரிந்தது. அதில் இருந்தவர் ஆல்ஃபிரட் ஜலுஃப்கா, டெக்சாஸைச் சேர்ந்த வெள்ளை இன வீரர். இருவரும் புல்டோசர் மேலிருந்தபடியே கைகுலுக்கிக்கொண்டார்கள். அந்தப் புகைப்படம் பிரபலமானது. ராணுவத்தில் இனப் பிரிவினையை நீக்கும் உத்தரவு வந்தது 1948ல்தான். காட்டுக்குள் இரண்டு பேர் அதற்கு ஆறு வருடம் முந்திக்கொண்டார்கள்.

டெல்டா ஜங்ஷன் வந்ததும் ஆளுக்கொரு திசையில் பிரிகிறார்கள். போன் நம்பர் வாங்கிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு பேசிக்கொள்வதில்லை. அதனால் என்ன? சில நாட்கள் கழித்து அவர்களும் தெற்கே திரும்புவார்கள். ஏதோ ஒரு பெட்ரோல் பங்கில், வடக்கே முதல் முறையாகப் போகும் ஒரு குடும்பம் தயங்கித் தயங்கி அருகில் வந்து கேட்கும்.

'மேலே ரோடு எப்படி இருக்குங்க?'

இப்போது பதில் சொல்ல வேண்டியது இவர்களுடைய முறை.