அவர்கள் கொண்டுசென்ற தப்பு

"மேற்கிந்தியத் தீவுக்காரன் அணியிலே பெருமாள் என்று ஒருத்தர் பந்து வீசினாரே, அவர் நம்ம ஆளாண்ணே?" என்று நங்கநல்லூர் தேநீர்க் கடையில் நம்மைக் கேட்டார் ஒரு தோழர். சுவருக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. கையிலே ஏடு, வாயிலே கேள்வி! கழகத் தோழனுக்கு வேறென்ன இலக்கணம் வேண்டும்?

அவர் கேட்டது வீராசாமி பெருமாளைப்பற்றி. 2012இல் டெஸ்ட் பந்தயத்தில் இறங்கியவர். 2021இல் இலங்கையின் காலி நகரில் ஒரே இன்னிங்சில் ஐந்து விக்கெட்டுகளைச் சாய்த்தவர். கயானா நாட்டுக்காரர். அதே நாட்டிலிருந்து மகேந்திர நாகமுத்து என்று இன்னொருவரும் ஆடியிருக்கிறார். ஆட்டக்காரர் கிடக்கட்டும், மோசஸ் வீராசாமி நாகமுத்து என்பவர் 2015 முதல் 2020 வரை அந்த நாட்டின் பிரதமராகவே வீற்றிருந்தார்! பெருமாளும் நாகமுத்துவும் வீராசாமியும் தென் அமெரிக்காவின் வடகரையிலே எப்படி முளைத்தார்கள்? காற்றடித்துப் போனார்களா? கடலலை கொண்டுபோய்ச் சேர்த்ததா? இல்லை தோழர்களே! கரும்பு இழுத்துக்கொண்டு போயிற்று. வெள்ளைக்காரன் தேநீரிலே கரைந்த சர்க்கரைதான் அவர்களை இங்கிருந்து பெயர்த்தது.

1834 ஆகஸ்டு முதல் நாள் ஆங்கிலப் பேரரசில் அடிமை முறை ஒழிந்தது என்று சட்டம் பேசிற்று. 1838இல்தான் முழு விடுதலை. அதற்காகப் பிரிட்டிஷ் அரசு இரண்டு கோடி பவுன் இழப்பீடு வழங்கியது. யாருக்கு? முதுகிலே சவுக்கடித் தழும்பு ஏறியவனுக்கா? பெற்ற பிள்ளையை ஏலத்திலே பறிகொடுத்த தாய்க்கா? அல்ல, அல்ல! அடிமைகளை வைத்திருந்த முதலாளிக்கு! "அய்யோ, உமது உடைமை போயிற்றே" என்று கண்ணீர் துடைத்து, கட்டுக்கட்டாகப் பணம் கொடுத்தார்கள். அடிபட்டவனுக்கு ஒரு செப்புக் காசும் இல்லை. இதுதான் அவர்கள் நீதி!

கறுப்பின மக்கள் தோட்டத்தை விட்டு வெளியேறத் தொடங்கியதும் முதலாளிகள் விழித்தார்கள். பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரான கிளாட்ஸ்டன் இருக்கிறாரே, அவருடைய தகப்பனார் ஜான் கிளாட்ஸ்டனுக்கு அங்கே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. இந்தியாவிலே பஞ்சம், ஆள் மலிவு, பிடித்து வரலாம் என்று அந்தச் சீமான் கணக்குப் போட்டார். 1838 மே 5ஆம் நாள் இரண்டு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து கயானா போய்ச் சேர்ந்தன. 1845 முதல் நம் சென்னைத் துறையிலிருந்தும் ஆட்களை ஏற்றினார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ மூன்று மாதக் கடல் வழி. ஐந்தாண்டு ஒப்பந்தம். கூலி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு ஷில்லிங். வேலைக்கு வராவிட்டால் சிறை. ஒப்பந்தம் என்று பெயர். ஒப்பியவன் கைநாட்டு, எழுதியவன் முதலாளி!

1917 வரையில் கயானாவுக்குப் போனவர் மட்டும் ஏறத்தாழ 2,39,000 பேர். அவர்களிலே சென்னையிலிருந்து சென்றவர் 15,000 பேர் அளவிலே. பெருங்கூட்டம் வடநாட்டார், நம்மவர் சிறுபான்மை. "மதராசி" என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் அங்கே அந்தப் பெயர்தான்.

பிரெஞ்சுக்காரன் மட்டும் சும்மா இருந்தானா? புதுச்சேரியும் காரைக்காலும் அவன் கையில் இருந்தனவே! 1853இல் மார்த்தினிக் தீவுக்கும் 1854இல் குவாதலூப் தீவுக்கும் முதல் கப்பல் போயிற்று. பின்னர் முப்பது முப்பத்தைந்து ஆண்டுகளிலே மார்த்தினிக்குக்கு 25,000 பேருக்கு மேல், குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேர். இவர்களிலே பெரும்பகுதியினர் தமிழர்.

சரி, போனவர்கள் என்ன கொண்டுபோனார்கள்? பொன்னா, பொருளா? இடுப்பிலே ஒரு துணி. நெஞ்சிலே ஊர் நினைப்பு. கையிலே ஒரு தப்பு! தப்பு என்றால் பிழை என்று எண்ண வேண்டாம். தப்பு என்பது தோற்கருவி. பறையின் உடன்பிறப்பு. தீயிலே காய்ச்சி, இரு குச்சிகள் கொண்டு அடிப்பதுதான். இங்கே அதை அடிப்பவனை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். சாவுக்கு அவன் வேண்டும், சபைக்கு வேண்டாம். வீணைக்கு மேடை, பறைக்குச் சேரி என்று பிரித்தார்கள். நங்கநல்லூரிலும் இழவு வீட்டு வாசலில் பறை முழங்கும்போது காது கொடுத்து ரசிப்போரைப் பார்த்திருக்கிறோம். அந்தக் கலைஞனைத் திண்ணையில் உட்காரச் சொன்ன வீடு எத்தனை? எண்ணிச் சொல்லுங்கள், விரல்கள் மிஞ்சும்!

அந்தத் தப்புதான் கயானாவிலே கோயிலின் நடுவே முழங்குகிறது! பெர்பிஸ் பகுதியிலே, காரண்டைன் கடற்கரையிலே, மாரியம்மன் விழா தப்பு இல்லாமல் தொடங்காது. உடுக்கைக்கு "உட்கே" என்று பெயர். கரகம் அங்கேயும் கரகம்தான். நமக்கு ஆத்தாளிடமும் நம்பிக்கையில்லை, ஆடு வெட்டுவதிலும் உடன்பாடில்லை. அதை மறைத்துப் பேச நமக்குத் தெரியாது. ஆனால் ஆலயத்தின் வாசலிலே கூட நிற்கவிடாத கருவியை ஆலயத்தின் உள்ளே கொண்டுபோய் வைத்தவன் யார்? அய்யரா? ஆகமமா? கூலிக்குப் போன குப்பனும் சுப்பனும்தான்! கப்பலின் அடித்தட்டிலே ஒரே சட்டிச் சோறு தின்றவனிடம் தீட்டு எங்கே ஒட்டும்?

முழுவதும் ஒட்டவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. புரோகிதம் கப்பலேறாமலா இருக்கும்? வடநாட்டுப் பண்டிதர்கள் அங்கேயும் தலையெடுத்தார்கள். டிரினிடாடில் 1952இல் சனாதன தர்ம மகாசபை அமைந்தது. மதராசியின் காளி வழிபாடு "இழிந்தது" என்றும், பலி கொடுப்பவன், சாமியாடுபவன் தாழ்ந்தவன் என்றும் அங்கேயும் முகம் சுளித்தார்கள். கடல் பத்தாயிரம் மைல் தாண்டினாலும் சுளிக்கிற முகம் அதே முகம்! சட்னி இசை என்று உலகம் ஆடுகிறதே, 1969இல் சுந்தர் போப்போ பாடிய தாத்தா பாட்டிப் பாட்டிலிருந்து பெரும் புகழ் பெற்றது, அதுவும் போஜ்புரி வழி வந்தது. நல்ல இசைதான், குறை சொல்லவில்லை. ஆனால் மதராசித் தப்பு ஓரத்திலே நிற்பதையும் சொல்லத்தானே வேண்டும்!

கறுப்பினத் தோழர்களின் பறைக்கு நேர்ந்தது இன்னும் பெரிய கதை. டிரினிடாடில் 1881இல் திருவிழாவின்போது காவலரோடு மோதல். அதன்பின் மேளம் அடிக்காதே, பந்தம் பிடிக்காதே என்று 1880களிலே சட்டம் வந்தது. 1884 அக்டோபரில் சான் பெர்னாண்டோ நகரிலே மொகரம் ஊர்வலம் வந்த இந்தியத் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு. குறைந்தது 16 பேர் மாண்டனர். மேளச் சத்தம் ஏன் ஆள்வோரை இப்படி அச்சுறுத்துகிறது? கூட்டம் சேர்க்குமே, அதனால்தான்!

தோலைத் தடுத்தான், மூங்கிலைத் தட்டினார்கள். பின்னர் பிஸ்கட் தகரம், அதன்பின் எண்ணெய்ப் பீப்பாய். உருட்டி எறிந்த இரும்புப் பீப்பாயைச் சம்மட்டியால் குழித்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு சுரம் பிறக்கச் செய்தார்கள்! குப்பையிலே கிடந்தது கோமேதகமாயிற்று. 1951இல் அந்தக் குழு இலண்டன் போய் வெள்ளையன் வாயைப் பிளக்க வைத்தது. 1992இல் ஸ்டீல்பேன் அந்நாட்டின் தேசிய இசைக்கருவி; 2023இல் ஐ.நா. மன்றம் ஆகஸ்டு 11ஐ அதற்கு உலக நாளாக அறிவித்தது. தகரம் தட்டுகிற பட்டறைத் தோழர்களே, இது உங்கள் இனத்தார் செய்த வேலை!

கலிப்சோ பாட்டோ மேடைப் பேச்சுக்கு இணையானது. ஆட்சியாளனை நையாண்டி செய்யும். அமெரிக்கப் படை வந்து போனதைக் கிண்டல் செய்யும். 1956இல் எரிக் வில்லியம்சின் மக்கள் தேசிய இயக்கம் டிரினிடாடில் வென்றபோது மைட்டி ஸ்பாரோ என்ற பாடகர் அதன் பக்கம் நின்று பாடினார். அதற்கு அடுத்த ஆண்டுதான், 1957இல், தி.மு.கழகம் முதன்முதலாகத் தேர்தல் களம் கண்டது. இங்கே நாகூர் அனிபாவின் குரல் ஒலிக்காமல் தொடங்கிய கூட்டம் உண்டா? பேச்சாளர் வரும்வரை கூட்டத்தைக் கட்டிவைத்தது அந்தக் குரல்தானே! நாகூர் என்றதும் இன்னொன்று: மார்த்தினிக் தீவிலே இன்றும் "நாகூர்மீரா" என்று கொடியேற்றி வணங்குகிறார்கள். நம் நாகூர் ஆண்டவர்தான்! மதுரைவீரன் அங்கே "மல்தேவிடன்" ஆகிவிட்டார். மத்தளம் "மத்தலோன்", நாடகம் "நாட்ரோம்". கட்டம் போட்ட கைலித் துணி இருக்கிறதே, அதைப் பெண்கள் தலையிலே கட்டுகிறார்கள். துணியின் பெயரே "மதராஸ்"! 1996இல் நம் ஊர்ப்பெயரை நாம் சென்னை ஆக்கிக்கொண்டோம். அவர்கள் தலையிலே பழைய பெயரைச் சுமக்கிறார்கள்.

அரசியலிலும் உறவு உண்டு, படிப்பினையும் உண்டு. கயானாவில் 1948 சூன் 16 அன்று என்மோர் தோட்டத்திலே வேலைநிறுத்தம் செய்த கரும்புத் தொழிலாளர்கள்மீது சுட்டார்கள், ஐவர் மாண்டனர். அதைக் கண்டு கொதித்தவர் செத்தி ஜெகன். தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, படித்துப் பல் மருத்துவரானவர். 1950இல் கட்சி கண்டார். 1953இல் மக்கள் வாக்கால் ஆட்சிக்கு வந்தார். எத்தனை நாள் விட்டார்கள்? 133 நாள்! கப்பலில் படை வந்திறங்கியது, அரசியல் சட்டம் முடக்கப்பட்டது, அமைச்சர்கள் வெளியே! 1976 சனவரி 31ஐயும் 1991 சனவரி 30ஐயும் கண்ட கழகத் தோழனுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? வெள்ளையன் படையை அனுப்பினான். டெல்லிக்கு 356 போதுமானதாக இருந்தது!

அதைவிடக் கொடுமை பின்னர் நடந்தது. ஜெகனோடு தோள் நின்ற கறுப்பினத் தலைவர் பர்ன்ஹாம் 1955இல் பிரிந்தார். இந்தியன், ஆப்பிரிக்கன் என்று தொழிலாளி இரண்டாகப் பிளந்தான். 1960களின் தொடக்கத்திலே தெருவிலே இரத்தம் ஓடிற்று. அமெரிக்க உளவுத்துறை மறைந்திருந்து எண்ணெய் ஊற்றியது அவர்களுடைய ஆவணங்களிலிருந்தே வெளிவந்திருக்கிறது. 1964 தேர்தலில் ஜெகன் கட்சி 24 இடம் பெற்று முதலிடம். பர்ன்ஹாம் கட்சிக்கு 22. ஏழு இடம் பெற்ற முதலாளிக் கட்சியைச் சேர்த்துக்கொண்டு பர்ன்ஹாம் ஆட்சி ஏறினார். ஜெகன் மீண்டும் ஆட்சிக்கு வர 1992 வரை காத்திருந்தார். சவுக்கடி பட்ட பேரனும் கைநாட்டு வைத்த பேரனும் சண்டையிட்டால் தோட்ட முதலாளிக்குத்தானே கொண்டாட்டம்!

குவாதலூப்பில் என்றி சிதம்பரம் என்ற தமிழர் (1863-1952) நடத்திய போர் வேறு வகை. தமிழ்ப் பெற்றோருக்கு அங்கேயே பிறந்தவர். இந்தியர் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை கொடு என்று 1904இல் தொடங்கிய வழக்கு 1923இல்தான் வென்றது. பத்தொன்பது ஆண்டு! கத்தியில்லை, கலகமில்லை; மனுவும் வாதமும் மனவுறுதியும். உரிமை கிடைத்தது, மொழி போயிற்று. பள்ளியிலே பிரெஞ்சு, தெருவிலே கிரியோல். தமிழ் எங்கே இருக்கிறது? பூசை செய்பவர் வாயிலே! கயானாவிலும் அப்படியே. தாத்தன் பாடிய பாட்டை ஆங்கில எழுத்திலே குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். பாடுகிறவருக்குப் பல இடங்களில் பொருள் தெரியாது.

நங்கநல்லூர் மொட்டைமாடியில் நின்றால் மீனம்பாக்கத்திலிருந்து ஏறும் விமானத்தின் சக்கரம் மடங்குவது தெரியும். அதிலேயும் ஒப்பந்தத் தொழிலாளி போகிறான். மூன்று மாதமல்ல, சில மணி நேரப் பயணம். கையிலே கைப்பேசி, தமிழ் அதிலேயே பேசும். அன்று போனவனுக்கு ஒரு கடிதம் எழுதவும் ஆளில்லை. வாயிலிருந்த தமிழ் வயிற்றுப்பாட்டிலே கரைந்தது. அதற்காக அவனை இகழ்பவர் யாரேனும் இருந்தால் கரும்பு வெட்டிப் பார்க்கட்டும்.

2021இல் தமிழ்நாடு அரசு சனவரி 12ஐ அயலகத் தமிழர் நாளாக அறிவித்தது. நல்ல தொடக்கம். வரவேற்றோம். ஆனால் மாலையும் மரியாதையும் ஒரு நாளோடு போய்விடும். நாம் கேட்பது சிறிய வேலை. அந்தக் குறிப்பேடுகளை ஒலியோடு பதிவு செய்து, தமிழெழுத்திலே மீட்டு, பொருள் எழுதி, பாடியவர் கையிலேயே திருப்பிக் கொடுக்க நம் பல்கலைக் கழகங்களிலிருந்து நான்கு பேர் போகட்டும். பேராசிரியர் மட்டும் போதாது. பறையடிக்கத் தெரிந்த இருவரும் அதிலே இருக்க வேண்டும், ஏனென்றால் சொல் மறந்த இடத்தைத் தாளம்தான் காட்டும். அங்கேயிருந்து தப்படிக்கும் நால்வர் இங்கே வரட்டும். நியூயார்க்கின் ரிச்மண்டு ஹில் பகுதியில் குடியேறிய கயானா மதராசிகளும் அதை விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களிடமும் சொல்லியனுப்பலாம். மேடை போட நங்கநல்லூர்த் தோழர்கள் இருக்கிறார்கள். ஒலிபெருக்கிச் செலவை மட்டும் பகுதிக் கழகம் ஏற்றுக்கொள்ளட்டும்.