உறுமியும் ராப்பும்
நியூயார்க்கில் 1970களில் கறுப்பின இளைஞர்களிடையே உருவான ஹிப்-ஹாப், அதாவது தாளத்தோடு சொற்களை அடுக்கிப் பேசும் ராப்பை உள்ளடக்கிய கலைவடிவம், இலங்கைப் போர் சிதறடித்த தலைமுறைக்கும் குரலானது. லண்டனில் 1975-இல் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சிறிது காலம் சென்னையிலும் வளர்ந்து, பிள்ளைப் பருவத்திலேயே அகதியாக லண்டன் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005-இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்புக்கு, ஈழ இயக்கத்திலிருந்த தந்தையின் புனைபெயரான 'அருளர்' என்பதையே தலைப்பாக்கினார். 2007-இல் வந்த அடுத்ததற்கோ தாயின் பெயர், 'கலா'. இந்த இரண்டாம் தொகுப்பின் ஒரு பகுதி சென்னையில் பதிவானதால், தமிழ்நாட்டுக் கோயில் திருவிழாக்களுக்குச் செல்வோருக்குப் பழகிய உறுமி மேளத்தின், கோலால் தோலை உரசி எழுப்பும் அந்த முனகல், மேலைநாட்டு நடன அரங்குகளை எட்டியது. அவருடைய பாடல்களைப் பிரசாரமென்று சாடியவர்களும் உண்டு. தாளத்தில் மட்டும் மயங்கியவர்களே மிகுதி எனலாம்.