ஓடாத பாடமும் ஓயாத தேவையும்

மைசூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கிடைத்துவிடுகின்றன. தமிழ் எழுத்துக்கு வீடும் சங்க வகுப்பும்தான் கதி. அதற்குத் துணையாயிருந்த இணையப் பாடங்களில் பல இன்று திறப்பதே இல்லை. 'அ'வைச் சொடுக்கினால் அணில் துள்ளி ஓடுமே, அந்த மாதிரிப் பாடங்கள்! அவை ஃபிளாஷ் என்னும் மென்பொருளில் செய்யப்பட்டவை. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31உடன் அதைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் இயங்கவே மறுத்துவிட்டது.

நம் வகுப்பில் தமிழ் சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவர் பார்வையற்றவர். திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள்தான் அவருக்குக் கண். "அணில் ஓடிய நாளிலும் அது எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை சார்" என்றார் என்னிடம். படத்துக்கு எழுத்தில் விளக்கம் இல்லை. சுட்டெலி இல்லாமல் விசைப்பலகையால் நகரவும் வழியில்லை.

இத்தனைக்கும் வழிமுறை அப்போதே இருந்தது. இணையத்துக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகல் நெறிகளைத் தொடர்ந்து, ஃபிளாஷுக்கும் சில்வர்லைட்டுக்கும் தனித்தனிச் செய்முறைக் குறிப்புகளும் வந்தன. அந்த இரண்டு மென்பொருள்களும் மறைய, குறிப்புகளும் காலாவதியாயின. ஆனால் படத்துக்கு விளக்கம், ஒலிக்கு எழுத்துவடிவம், காணொளிக்கு வசனவரி என்ற நெறிகள் 2018, 2023 பதிப்புகளிலும் அப்படியே தொடர்கின்றன. பழைய குறிப்பை அடித்துவிட்டால் மட்டும் போதாது, அந்த இடத்தில் இன்று என்ன செய்வது என்றும் எழுத வேண்டும் என்பது என் கட்சி. இல்லாவிட்டால் புதுக் காணொளியும் வசனவரி இல்லாமலே வந்து நிற்கும். பேச்சு, கேள்விப் பயிற்சிக்காக மானசகங்கோத்ரியில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனத்துக்குத் தமிழகத்திலிருந்தும் பிள்ளைகளை அழைத்து வருகிறார்களே, அந்தப் பெற்றோரைக் கேட்டால் வசனவரியின் அருமை தெரியும்.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1999இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய பக்கங்களைத் திரைவாசிப்பான் தமிழென்றே அறியாது. ஏதோ புரியாத ஆங்கிலமாக உளறும். யூனிகோடுக்கு மாற்றினால்தான் வாயில் தமிழ் வரும்.

இந்திய அரசு வலைத்தளங்களுக்கான நெறிமுறைகளும் 2009, 2018, 2023 என மூன்று பதிப்புகள் கண்டுவிட்டன. வெறும் பரிந்துரை போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஃபிளாஷ் பாடங்களை மீண்டும் ஓட்ட ரஃபிள் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அணில் மறுபடி ஓடும். ஆசிரியருக்கு மட்டும் பழைய மௌனமே. ஆகவே தசரா விடுமுறையில் பாடல்களைக் கேட்டு யூனிகோடில் எழுதித்தர நான்கு பேர் முன்வந்திருக்கிறார்கள். படங்களுக்கு இரண்டு வரி விளக்கம் எழுத இன்னும் ஆள் தேவை. விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.