குவாற்றர்மாஸ்: இரண்டாம் தொடரின் ஆக்கம்

1953ஆம் ஆண்டில் பி.பி.சி. தொலைக்காட்சி அளித்த விஞ்ஞான நாடகத் தொடரொன்று, பேராசிரியர் குவாற்றர்மாஸ் என்னும் பாத்திரத்துக்குப் பிரித்தானியாவிற் பெரும் புகழ் ஈட்டிற்று. 1955 செப்டெம்பரில் வணிகத் தொலைக்காட்சி போட்டிக்கு வந்தவிடத்து, அந்நிறுவனத்தார் அப்பேராசிரியரையே மீண்டும் நாடினர். நைஜல் நீல் எழுத, றூடொல்வ் காட்டியர் நெறிப்படுத்தினார். செயற்கை உணவு ஆக்குவதாகச் சொல்லி அரசின் மறைப்பில் இயங்கும் ஆலையொன்றில் வேற்றுலக உயிர்கள் வளர்வதே கதை. ஆலைக் காட்சிகளைத் தேம்ஸ் கழிமுகத்தில் அக்காலத்தில் இயங்கிய ஷெல் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் முன்னரே படமாக்கினர். அங்குள்ள குழாய்களும் தாங்கிகளும் தந்த அச்சத்தை எந்தத் திரைச்சீலை ஓவியமும் தந்திராது.

ஆயின், படப்பிடிப்புத் தொடங்குமுன், ஓகஸ்டில், முதற்றொடரின் நாயகர் றெஜினால்ட் ரேற் காலமானார். குறுகிய காலத்தில் ஜோன் றொபின்சன் அவ்விடத்தை ஏற்றார். கலையகக் காட்சிகளோ நேரடியாக நடிக்கப்பெற்றவை. விஞ்ஞானச் சொற்கள் செறிந்த நீண்ட உரைகளை, நாடே பார்த்திருக்க, ஒரே முறையில் ஒப்புவித்தல் வேண்டும். அவர் நடிப்பில் இறுக்கங் காண்போர் இதனை மறந்துவிடுகின்றனர்.

ஒக்டோபர் 22 முதல் நவம்பர் 26 வரை சனிக்கிழமைதோறும் ஒளிபரப்பான ஆறு பகுதிகளும் பதிவாக எஞ்சியுள்ளன. ரேற் நடித்த ஆறனுள் முதலிரண்டே பதிவாயின. ஏனைய நான்கும் ஒளிபரப்பான அன்றே மறைந்தன.