குளிர்சாதனப் பெட்டியின் நோயும் பரிகாரமும்

கெலிஓயா மகாவலிக் கரையை அண்டிய ஊர். மழைக்காலத்தில் இங்கே காற்று ஈரத்தாற் கனத்திருக்கும். அத்தகைய காலமொன்றில் எங்கள் வீட்டுப் பழைய குளிர்சாதனப் பெட்டி பழுதுற்றது. மேலேயுள்ள உறைபெட்டியிற் பனி பாறைபோற் படிந்திருந்தது. கீழ்த்தட்டிலோ பால் திரிந்து கிடந்தது. பாலை மீண்டும் வாங்கலாம். ஆனால் அதே தட்டில் என் மனைவியாரின் இன்சுலின் மருந்தும் இருந்தது.

மேலே பனியிருக்கக் கீழே வெம்மை ஏன்? நேயர்களே, இப்பெட்டி குளிரை ஆக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை உறைபெட்டியின் குழாய்கள் வழியே கவர்ந்து, பின்புறக் கம்பிச் சுருளினால் வெளியேற்றுகிறது. பனி தடித்தால் அது கம்பளிப் போர்வைபோல் வெப்பத்தை மறிக்கும். வெப்பநிலையை ஆளும் கருவியின் உணர்குழல் உறைபெட்டியைத் தொட்டிருப்பதால், குளிர் போதுமெனக் கொண்டு இயந்திரத்தை நிறுத்திவிடும்.

குமிழைக் கடைசி எண்வரை திருப்பலாமென்றார் அயலவர். அது தவறு. பனி மேலும் வளரும். உறைபெட்டியை ஒட்டிய பொருள்கள் உறைந்துபோகவும் கூடும். திறவாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்தல் வேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது.

கதவிடையே ஒரு தாளை வைத்து மூடி இழுத்தேன், தடையின்றி வந்தது. தேய்ந்த இறப்பர் விளிம்பினூடே புகுந்த ஈரக்காற்றே பனியாகியிருந்தது. மின்னிணைப்பைக் கழற்றிக் கதவைத் திறந்துவைத்துப் பனியை உருகவிட்டோம். கத்தியாற் பெயர்த்தல் ஆகாது. குழாய் துளைபட்டால் வாயு வெளியேறிவிடும். மிகப் பழைய பெட்டிகளிலுள்ள வாயு ஓசோன் படலத்தையும் சிதைக்கும். 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை கட்டுப்படுத்தியது அதனையே. பின்னர்ப் புதிய இறப்பர் பொருத்தி, பின்புறச் சுருளின் தூசியைத் துடைத்து, பெட்டியைச் சுவரிலிருந்து சற்றே விலக்கி வைத்தோம்.

நடுத்தட்டில் நீர் நிறைந்த குவளையில் வெப்பமானியை இட்டு ஓரிரவு விட்டேன். காலையில் அது 4 பாகை காட்டியது. வெம்மையிற் கிடந்த மருந்தை மருந்தாளரிடம் காட்டி, அவர் சொற்படி புதியது பெற்றோம்.

இவ்வளவு செய்தும், இயந்திரம் ஓயாது ஓடியும் குளிர் பிறவாவிட்டால், வாயுக் கசிவோ இயந்திரப் பழுதோ இருக்கலாம். அது தொழில் அறிந்தவரின் வேலை. பழுதில்லாப் பெட்டியிலும் மருந்து வைப்போர், வெப்பமானியொன்றை அதனருகே வைத்து நாள்தோறும் பார்ப்பது நன்று. கைக்குக் குளிர்ச்சியாய்த் தோன்றுவதெல்லாம் மருந்துக்குப் போதிய குளிராகாது.