ஆறு சீட்டுக் கணக்கு

எரிபொருளுக்கும் வரிக்கும் போக டிக்கெட் பணத்தில் கொஞ்சம் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தை இண்டிகோ விமான நிறுவனம் எப்படிப் பெருக்குகிறது என்று கேட்டால், பலரும் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார்கள்: முன்சீட்டு இடிக்கிறதே! இடிப்பது உண்மைதான். ஆனால் சீட்டை நெருக்கி எடுக்கும் காசுக்கு ஓர் எல்லை உண்டு. ஏ320 ரக விமானத்தில் 180 சீட்டுகளோடு தொடங்கிய நிறுவனம், பின்னால் வந்த நியோ விமானங்களில் 186 ஆக்கியது. நடைபாதைக்கு இருபுறமும் மும்மூன்று என்பதால், கூடியது ஒரே ஒரு வரிசை. ஐம்பது சீட்டுக்கு ஒரு கேபின் பணியாளர் என்பது விதி. 180க்கும் நால்வர், 186க்கும் நால்வர். விமானிகளும் அதே இருவர். செலவு ஏறக்குறைய ஏறாமல் ஆறு டிக்கெட் கூடுதல். இருநூறைத் தாண்டினால் ஐந்தாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இதே விதி பயணிக்குச் சாதகமாகவும் வேலை செய்திருக்கிறது. அமெரிக்காவின் ஜெட்புளூ 2007இல் 156 சீட்டுகளில் ஒரு வரிசையைப் பிடுங்கி 150 ஆக்கியது. பணியாளர் மூவரானார்கள், பயணிகளுக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது. தாராள மனசு என்று விளம்பரம் செய்துகொள்ளவும் வசதியாயிற்று!

மலிவின் வேர் வேறிடத்தில் இருக்கிறது: ஒரே ரக விமானங்கள். முதல் விமானம் பறப்பதற்கு ஓராண்டு முன்பே, 2005 பாரிஸ் விமானக் கண்காட்சியில், இண்டிகோ 100 ஏ320களுக்கு ஆர்டர் கொடுத்தது. அத்தனையும் ஒரே ரகம் என்றால் விமானிக்கு ஒரே பயிற்சி, மெக்கானிக்குக்கு ஒரே கையேடு, கிடங்கில் ஒரே உதிரிபாகம். காலையில் சென்னையில் ஒரு விமானம் மக்கர் செய்தால் பக்கத்தில் நிற்கும் இன்னொன்றை எடுத்துக்கொண்டு அதே விமானிகள் கிளம்பலாம். 232 சீட்டு ஏ321கூட இந்தக் குடும்பம்தான். அதே விமானிகளே ஓட்டலாம்.

எல்லாம் ஒரே ரகமானால் ஒரு கோளாறு மொத்தத்தையும் முடக்காதா என்ற கேள்வி நியாயமானது. பிராட் அண்ட் விட்னி என்ஜின்களைக் காரணம் காட்டி கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் 2023 மே மாதத்தில் திவால் மனு போட்டது. அதே என்ஜின் சிக்கலில் இண்டிகோவின் விமானங்கள் எழுபதுக்கும் மேல் தரையில் நின்றன. ஆனாலும் நிறுவனம் தாங்கியது. 2019இலேயே 280 விமானங்களுக்கு சிஎஃப்எம் என்ஜின் வாங்க முடிவெடுத்திருந்தது ஒரு காரணம். உடல் ஒன்று, இதயம் இரண்டு என்ற ஏற்பாடு. ஒரே ரகக் கொள்கையை மீறவும் நேர்ந்தது: ஓடுபாதை குட்டையாக இருந்த தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கு 78 சீட்டு ஏடிஆர் விமானம் தேவைப்பட்டது. அதற்கென்று தனி விமானிகளையும் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஊர்கள் கிடைத்தன, செலவும் கூடியது.

இப்போது இண்டிகோவே டெல்லி–மும்பை தடத்தில் அகலச் சீட்டு வைத்திருக்கிறதே, கணக்கு மாறிவிட்டதா? 2024 நவம்பரில் வந்த அந்த ஏ321இல் 12 அகலச் சீட்டுகள், 208 சாதாரண சீட்டுகள். 232லிருந்து 24ஐ எடுத்துவிட்டு 12ஐப் போட்டிருக்கிறார்கள். பணியாளர் அதே ஐவர். ஆக, அகலச் சீட்டில் உட்காருபவர் குறைந்தது இரண்டு பேருக்கான கட்டணத்தையாவது கொடுத்தாக வேண்டும்.