தீப்புண்ணுக்கு வெள்ளி மருந்து

ஓட்டல் அடுப்படியில் சரக்கு மாஸ்டர் வடை போட்டுக்கொண்டிருக்கிறார். சட்டி சரிகிறது. கொதிக்கும் எண்ணெய் முழங்கை வரை கொட்டிவிடுகிறது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கே வெள்ளை நிறக் களிம்பைத் தடவிக் கட்டுப் போட்டு, "நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

எண்ணெய் கொட்டியபோது பட்டது ஒரு நாள் வேதனை. மறுநாள் காலையில் கட்டைப் பிரிக்கும்போது படுவதுதான் பெரிய வேதனை. துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய களிம்பு கட்டியாகப் படிந்திருக்கும். அதைத் துடைத்து எடுத்தால்தான் புதுக் களிம்பு போட முடியும். துடைக்கும்போது, புதிதாக முளைத்த மெல்லிய தோலும் கூடவே வந்துவிடுவது உண்டு. தினமும் ஒரு தடவை, சிலருக்கு இரண்டு தடவை இந்தப் பாடு. வரிசையில் நின்று கட்டு மாற்றிக்கொண்டு திரும்புவதற்குள் பாதி நாள் போய்விடும். அன்றைய கூலியும் அதோடு போகும்.

மருந்தை அடிக்கடி மாற்றாமல், ஒரு தடவை போட்டதே நெடுநேரம் வேலை செய்யும்படி செய்ய முடியாதா? உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் இதற்கு வழி தேடினார்கள். வழிகளில் ஒன்று புனேயில் பிறந்தது.

கறுத்துப்போன படுக்கைகள்

குழந்தைக்கு வெள்ளிப் பாலாடையில் பால் புகட்டுவது நம் வீடுகளில் பழைய பழக்கம். அதில் மருத்துவத்தைவிடப் பெருமைதான் அதிகம். டாக்டர்கள் வெள்ளியைக் கையில் எடுத்த கதை வேறு.

1880-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கிரேடே என்ற பிரசவ டாக்டர், பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விட்டார். தாயிடமிருந்து தொற்றும் கிருமியால் குழந்தைகள் பார்வை இழப்பது வெகுவாகக் குறைந்தது.

தீப்புண்ணுக்கு வெள்ளி பெரிய அளவில் வந்தது 1965-ல். அமெரிக்க டாக்டர் மோயரும் அவருடைய குழுவினரும் அதே வெள்ளி நைட்ரேட்டை, நூற்றுக்கு அரைப் பங்கு என்ற அளவில் தண்ணீரில் கலந்து, துணியை நனைத்துக் கட்டினார்கள். கிருமி அடங்கியது. ஆனால் துணி காயவே கூடாது. இரவு பகலாக நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். படுக்கை, தரை, நர்சுகளின் கை எல்லாம் கறுத்துப்போயின. போதாததற்கு, நோயாளியின் உடம்பில் உள்ள உப்புச் சத்தும் புண் வழியாக வெளியேறியது.

1968-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சார்லஸ் பாக்ஸ், வெள்ளியை சல்பா மருந்தோடு இணைத்தார். சில்வர் சல்பாடயசின் என்று அதற்குப் பெயர். சரக்கு மாஸ்டரின் கையில் தடவிய வெள்ளைக் களிம்பு அதுதான். இன்றும் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் தீப்புண் என்றதும் எடுக்கும் டப்பா அது.

அதற்கும் ஒரு குறை உண்டு. புண்ணில் ஊறும் நீரில் உப்பும் புரதமும் இருக்கின்றன. அவை வெள்ளியைப் பிடித்து முடக்கிவிடுகின்றன. முடங்கிய வெள்ளி கிருமியைக் கொல்லாது. ஆகவே மறுபடியும் மறுபடியும் தடவ வேண்டியிருக்கிறது.

கற்கண்டும் பொடியும்

ஒரு பெரிய கற்கண்டைப் பாலில் போட்டால் மெதுவாகக் கரைகிறது. அதையே இடித்துப் போட்டால் உடனே கரைகிறது. எடை ஒன்றுதான். பாலில் படும் பரப்பு மட்டும் கூடிவிட்டது.

வெள்ளியும் அப்படியே. கட்டி வெள்ளி கிருமியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. வெள்ளியின் மேற்பரப்பிலிருந்து கழன்று வரும், மின்னூட்டம் பெற்ற வெள்ளி அணுக்களே கிருமியின் சுவரைச் சிதைத்து, உள்ளே உள்ள புரதங்களைப் பிடித்து, அதன் கதையை முடிக்கின்றன. பரப்பு கூடினால் இந்த அணுக்கள் கூடுதலாக வரும். பொடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரையும் என்பதால் வரத்தும் நீடிக்கும்.

எவ்வளவு சிறிய பொடி? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இங்கே சொல்லும் வெள்ளித் துகள்கள் பத்து, பதினைந்து நானோமீட்டர் அளவு. ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் உள்ள வெள்ளிக் கட்டிக்கு மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர், ஒரு தபால் தலை அளவு. அதையே பத்து நானோமீட்டர் துகள்களாக நறுக்கினால் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். மும்பைக் கணக்கில் சொன்னால், பத்துக்குப் பதினாறு அடி அறைகள் நாற்பது!

புனேயில் பிறந்த ஜெல்

மும்பையில் டெக்கான் குயின் ஏறினால் இறங்கும் ஊர் புனே. அங்கே அகார்கர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தாவரவியல் அறிஞர் அகார்கர் முன்னின்று 1946-ல் தொடங்கிய விஞ்ஞானச் சங்கத்தின் நிலையம் இது. 1992-ல் அவர் பெயரே சூட்டப்பட்டது.

இங்கே விஞ்ஞானி கிஷோர் பக்னிகரும் அவருடன் உழைத்தவர்களும் 7 முதல் 20 நானோமீட்டர் வரை உள்ள வெள்ளித் துகள்களைத் தயாரித்து, தடவுவதற்கு ஏற்ற ஜெல்லாக்கினார்கள். ஆராய்ச்சி முடிவுகள் 2009-ல் வெளியாயின. முக்கியமான செய்தி இதுதான்: வழக்கமான வெள்ளைக் களிம்பு 100 கிராமில் வெள்ளி மட்டும் சுமார் 300 மில்லிகிராம் இருக்கிறது. புனே ஜெல்லில் 10 மில்லிகிராம்தான். முப்பதில் ஒரு பங்கு. ஆனாலும் கிருமிகளை அடக்குவதில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. எலிகளின் தோலில் தடவிப் பார்த்ததில் கெடுதல் எதுவும் தெரியவில்லை. பிறகு செய்முறை தனியாருக்குக் கொடுக்கப்பட்டு, மருந்தாக விற்பனைக்கும் வந்தது.

வெள்ளி குறைந்தால் விலை குறையும் என்று நினைக்க வேண்டாம். மருந்தின் விலையில் உலோகத்தின் பங்கு சொற்பம். குறைந்த வெள்ளியால் வரும் லாபம் நோயாளியின் உடம்புக்குத்தான்.

இதற்கு முன்பே கனடாவில் வேறொரு முறை வந்துவிட்டது. ராபர்ட் பர்ரல் என்ற விஞ்ஞானி, வெள்ளியை மிக நுண்ணிய படிகங்களாகக் கட்டுத் துணியின் மேலேயே படிய வைத்தார். 1990-களின் பிற்பகுதியில் அது ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. ஒரு தடவை கட்டினால் மூன்று நாள் அப்படியே விடலாம். மூன்று நாளைக்கு ஒரு கட்டு என்றால், மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் அந்த வேதனை. இந்தத் துணியைச் சுத்தமான வடிநீரில்தான் நனைக்க வேண்டும். ஆஸ்பத்திரிகளில் எதற்கும் எடுக்கும் உப்புநீரில் நனைத்தால், உப்பில் உள்ள குளோரின் வெள்ளியை முடக்கி, கட்டிய பலனைக் கெடுத்துவிடும். பாக்கெட்டின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் கட்டுகிறவர்களுக்கு இது தெரியாது.

எல்லாப் புண்ணுக்கும் அல்ல

வெள்ளி கிருமியை அடக்குகிறது. புண்ணை ஆற்றுவது உடம்பின் வேலை. இந்த வித்தியாசத்தை விற்கிறவர்கள் சொல்லுவதில்லை.

இங்கிலாந்தில் ரத்தக்குழாய்க் கோளாறால் காலில் ஆறாத புண் வந்த 213 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வெள்ளிக் கட்டும், மற்றவர்களுக்குச் சாதாரணக் கட்டும் போட்டுப் பார்த்தார்கள். 12 வாரத்துக்குப் பிறகு, புண் ஆறியதில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. செலவில்தான் வித்தியாசம்! 2009-ல் இந்த முடிவு வெளியானது.

ஆபத்தும் இல்லாமல் இல்லை. உடம்பில் மூன்றில் ஒரு பங்கு வெந்துபோன 17 வயது இளைஞர் ஒருவருக்கு வெள்ளிக் கட்டு போட்டபோது முகம் சாம்பல் நிறமாகியது, ஈரலும் பாதிக்கப்பட்டது என்று 2006-ல் ஆஸ்திரிய டாக்டர்கள் எழுதினார்கள். கட்டை நிறுத்தியதும் சரியாயிற்று. வெள்ளிக்கு அடங்காத கிருமிகளும் உண்டு. 1975-லேயே அமெரிக்காவில் ஒரு தீப்புண் பிரிவில் அப்படிப்பட்ட கிருமி புகுந்து மூன்று பேர் இறந்திருக்கிறார்கள்.

ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களில் சர்க்கரை நோய்க்காரர்கள் ஏராளம். சர்க்கரையால் காலில் உணர்ச்சி மங்கிப்போயிருக்கும். லோக்கல் ரயிலில் யாரோ மிதித்ததும் தெரியாது, செருப்பு கடித்ததும் தெரியாது. சாக்ஸில் ஈரம் கண்ட பிறகுதான் புண் இருப்பதே தெரியும். இவர்கள் மருந்துக் கடையில் ஒரு வெள்ளி ஜெல் வாங்கித் தடவிக்கொண்டு ஆபீசுக்கு நடப்பதுதான் ஆபத்து. கிருமியை ஜெல் அடக்கலாம். புண்ணின் மேல் உடம்பின் பாரம் அழுந்துவதை அது தடுக்காது. காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்றும் அது பார்க்காது. சீக்கிரம் ஆறவேண்டும் என்பதற்காக மட்டும் இத்தகைய கிருமிநாசினிக் கட்டுகளைப் போட வேண்டாம் என்று, நீரிழிவுக் கால் பற்றிய சர்வதேச நிபுணர் குழு 2019-லேயே சொல்லிவிட்டது.

முகத்துக்குப் பூசும் "நானோ" கிரீம்கள் இன்னொரு சங்கதி. புண்ணில் தோல் இல்லை. மருந்து நேரே சதையில் படுகிறது. முகத்திலோ தோல் முழுசாக இருக்கிறது. அதன் மேலடுக்கு, செத்த செல்கள் செங்கல் போல அடுக்கி, இடையில் கொழுப்பைச் சாந்தாகப் பூசிய சுவர். துகள்களில் பெரும்பாலானவை அந்தச் சுவரிலும் மயிர்க்கால்களிலும் நின்றுவிடும். டப்பாவில் "நானோ" என்று அச்சடித்தவுடன் கதவு திறந்துவிடாது.

சரக்கு மாஸ்டருக்கு வருவோம். எண்ணெய் கொட்டியவுடன் செய்ய வேண்டியதற்கு ஜெல்லும் வேண்டாம், களிம்பும் வேண்டாம். மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிட்டு, வெந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் கட்டி வைக்கக் கூடாது. பிறகு சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடுப்படியில் நடப்பதோ வேறு. ஒருவர் இட்லி மாவை அப்புகிறார். ஒருவர் பற்பசையைப் பிதுக்குகிறார். கல்லாவில் இருப்பவர் பேனா மையை ஊற்றுகிறார். அத்தனையையும் கழுவிச் சுரண்டி எடுத்த பிறகுதான், புண் எவ்வளவு ஆழம் என்றே டாக்டருக்குத் தெரிகிறது.